பெயரும் பின்னொட்டும்: டொமைன் தேர்வில் வணிகத்துக்கு ஒரு வழி, இயக்கத்துக்கு வேறு வழி

2011-இல் அமெரிக்க இணைய விற்பனை நிறுவனமான ஓவர்ஸ்டாக், தன் நீண்ட பெயரைச் சுருக்கி ‘ஓ.கோ’ என்று விளம்பரம் செய்யத் தொடங்கியது. ஆங்கிலத்தில் ஓர் எழுத்து, ஒரு புள்ளி, இரண்டு எழுத்து. இதைவிடச் சிறிய முகவரி கிடைப்பது அரிது. ஆனால் விளம்பரத்தைப் பார்த்தவர்களில் பலர் விரல் பழக்கத்தால் ‘ஓ.காம்’ என்றே தட்டினார்கள். அங்கே எதுவும் இருக்கவில்லை. டாட் காமில் ஓரெழுத்துப் பெயர்கள் 1993-லேயே ஒதுக்கி வைக்கப்பட்டுவிட்டன. அதற்கு முன் பதிவாகியிருந்த கியூ, எக்ஸ், இசட் ஆகியவை மட்டுமே விதிவிலக்கு. வந்தவர்கள் வழிதவறிப் போவதைக் கண்ட நிறுவனம், அந்த ஆண்டு முடிவதற்குள் பழைய பெயரையே மறுபடி முன்னிறுத்தியது.

டொமைன் பெயரை, அதாவது இணையத்தளத்தின் முகவரியை, இரண்டு துண்டுகளாகப் பிரித்துப் பார்த்தால்தான் இந்த விவகாரம் விளங்கும். புள்ளிக்கு இடப்பக்கம் இருப்பது நாம் சூட்டிக்கொள்ளும் பெயர். வலப்பக்கம் இருக்கும் பின்னொட்டு நாம் குடியிருக்கும் இடம், அந்த இடத்துக்கு ஓர் உரிமையாளரும் உண்டு. வணிகம் பெரும்பாலும் இடப்பக்கத்தில்தான் தடுமாறுகிறது, அந்தத் தடுமாற்றத்தைப் பிற்பாடு பணம் கொடுத்துச் சரிசெய்துகொள்ளவும் முடிகிறது. இயக்கங்களுக்கோ ஆபத்து வலப்பக்கத்திலிருந்து வருகிறது, அதை அவை காலங்கடந்தே உணர்கின்றன. இருவருக்கும் ஒரே அறிவுரையை வழங்குவது சரியாகாது என்று நான் கருதுவது இதனால்தான்.

வணிகத்தின் முதல் தேர்வு, செய்யும் தொழிலைச் சொல்லும் பொதுப்பெயருக்கும் புதிதாக உருவாக்கிய பெயருக்கும் இடையிலானது. பொதுப்பெயர் முதல் நாளிலேயே புரிந்துவிடும் என்பது அதன் பலம். ஆனால் அந்தப் பலம் எவ்வளவு தூரம் தாங்கும் என்பதற்கு, செல்லப்பிராணிகளுக்கான பொருள்களை விற்ற பெட்ஸ்.காம் ஓர் எடுத்துக்காட்டு: 2000 பிப்ரவரியில் பங்குச் சந்தைக்கு வந்த அந்த நிறுவனம் அதே ஆண்டு நவம்பரில் கடையை மூடியது, பின்னர் அந்தப் பெயரைத் தட்டியவர்கள் போய்ச் சேர்ந்தது பெட்ஸ்மார்ட் என்ற போட்டி நிறுவனத்தின் தளத்துக்கு. பொதுப்பெயர் யார் கையிலும் ஒட்டும் என்பதால், ஒருவர் சேர்த்த நினைவை அடுத்தவர் எளிதாக எடுத்துக்கொள்ளலாம். சட்டத்திலும் இதே நிலைதான். புக்கிங்.காம் தன் பெயரை வணிகச் சின்னமாகப் பதிவு செய்யலாம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2020 ஜூன் 30 அன்று 8-க்கு 1 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது, ஆயினும் ‘இபுக்கிங்.காம்’ போன்ற நெருங்கிய பெயர்களை அந்தப் பதிவைக் கொண்டு தடுத்துவிட முடியாது என்பதை நிறுவனத் தரப்பே அந்த வழக்கில் ஒப்புக்கொண்டது. தேடல் சொல்லையே டொமைனாக வைத்தால் தேடலில் முன்னே வரலாம் என்ற பழைய உத்தியும், தரம் குறைந்த அத்தகைய தளங்களைக் கீழே தள்ளும் மாற்றத்தை கூகுள் 2012 செப்டம்பரில் கொண்டுவந்ததோடு பெரிதும் வலுவிழந்தது. தொழில் வரையறுக்கப்பட்டதாக, நிலையானதாக இருந்தால் பொதுப்பெயர் போதும். நாளை வேறு சரக்கு விற்க நேரும் என்ற எண்ணம் இருந்தால், பொருள் சொல்லாத பெயரே நல்லது.

அடுத்த தேர்வு இன்னும் நடைமுறை சார்ந்தது. விரும்பிய டாட் காம் வேறொருவரிடம் இருக்கிறது. அதை வாங்கும்வரை காத்திருப்பதா, அல்லது முன்னோ பின்னோ ஒரு சொல்லை ஒட்டிக்கொண்டு தொடங்கிவிடுவதா? ஃபேஸ்புக் ‘த’ என்ற ஆங்கிலச் சுட்டுச்சொல்லை முன்னே வைத்துத்தான் 2004-இல் தொடங்கியது. 2005-இல் 2 லட்சம் டாலர் கொடுத்து இன்றைய பெயரை வாங்கியது. டிராப்பாக்ஸ் தொடக்கத்தில் கெட்டிராப்பாக்ஸ்.காம் என்ற பெயரில் இயங்கியது. டெஸ்லா 2016 வரை டெஸ்லாமோட்டார்ஸ்.காமில்தான் இருந்தது, டெஸ்லா.காமை அடையப் பத்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலமும் 1.1 கோடி டாலரும் ஆயின என்று ஈலான் மஸ்க் பின்னாளில் சொன்னார். எல்லோருக்கும் அந்த வாய்ப்பு வாய்ப்பதில்லை. நிசான் என்பதையே குடும்பப் பெயராகக் கொண்ட ஒரு சிறு வணிகர் 1994-இல் நிசான்.காமைப் பதிவு செய்திருந்தார். கார் நிறுவனம் 1999-இல் தொடுத்த வழக்கு பல ஆண்டுகள் நீண்டும் பெயர் அவரிடமே நின்றது, நிறுவனம் அமெரிக்காவில் நாட்டுப் பெயரை ஒட்டிய முகவரியோடு அமைந்துகொண்டது.

ஒட்டுச்சொல்லோடு தொடங்குவதையே நான் ஆதரிப்பேன், ஏனென்றால் பெயருக்காகக் காத்திருந்து வளர்ந்த வணிகம் எதையும் நான் கண்டதில்லை. ஆனால் அதில் பலரும் கணக்கில் கொள்ளாத ஒரு செலவு இருக்கிறது: ஒட்டுச்சொல்லை மறந்துவிடும் வாடிக்கையாளரின் மின்னஞ்சல்கள், விலைப்பட்டியல்கள், சில நேரங்களில் ஒப்பந்தங்கள்கூட, ஒட்டில்லாத பெயரை வைத்திருப்பவரின் பெட்டிக்குள் போய் விழும். அமெரிக்க ராணுவத்துக்கு உரிய ‘டாட் மில்’ என்பதில் ஓர் எழுத்து விடுபட்டதால் பல மின்னஞ்சல்கள் மாலி நாட்டின் ‘டாட் எம்எல்’ முகவரிகளுக்குப் போய்க்கொண்டிருந்தது 2023-இல் வெளிச்சத்துக்கு வந்ததை நினைத்துப் பார்த்தால், இது கற்பனை அச்சமில்லை என்பது தெரியும். எனவே ஒட்டுச்சொல்லைத் தேர்ந்தெடுக்கும்முன் தொலைபேசியில் ஒருவரிடம் முகவரியை ஒரே முறை சொல்லி, அவர் எழுதியதை வாங்கிப் பாருங்கள். நடுவில் கோடு, எண்ணா எழுத்தா என்ற ஐயம், உச்சரிப்பில் ஒலிக்காத எழுத்து ஆகிய மூன்றும் அந்த ஒரு தாளிலேயே அம்பலப்பட்டுவிடும்.

இயக்கங்களுக்கு வருவோம். டாட் காமா, டாட் ஆர்க்கா என்பதில் விதி எதுவும் குறுக்கே நிற்பதில்லை; டாட் ஆர்க்கை யார் வேண்டுமானாலும் பதிவு செய்யலாம், இலாப நோக்குள்ள கிரெய்க்ஸ்லிஸ்ட்டும் அதில்தான் இருக்கிறது. வேறுபாடு பார்ப்பவர் மனத்தில் உருவாகிறது. விக்கிப்பீடியா 2001 ஜனவரியில் டாட் காமில்தான் பிறந்தது. தாங்கள் ஊதியமின்றி எழுதுவதை வைத்து விளம்பர வருவாய் தேடப்படுமோ என்ற ஐயம் ஸ்பானிய மொழிப் பங்களிப்பாளர்களிடையே எழுந்து, அவர்களில் ஒரு பகுதியினர் பிரிந்தே போனார்கள். 2002-இல் தளம் டாட் ஆர்க்குக்கு மாறியது. உள்ளடக்கத்தில் எந்த மாற்றமும் இல்லாமல் மூன்றே எழுத்துகள் ஒரு வாக்குறுதியாகச் செயல்பட்டன. 2008-இல் தொடங்கிய காலநிலை இயக்கமான 350.ஆர்க் இன்னும் ஒரு படி மேலே சென்று, காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்தில் 350 பங்கைத் தாண்டக்கூடாது என்ற தன் கோரிக்கையையே முகவரியாக்கிக்கொண்டது. எண் என்பதால் எந்த மொழியிலும் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

அந்த வாக்குறுதி எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்பது 2019-இல் தெரிந்தது. அந்த ஆண்டின் நடுவில் டாட் ஆர்க்கின் விலை உச்சவரம்பு நீக்கப்பட்டது. நவம்பரில், அதை நடத்தும் இலாப நோக்கற்ற பதிவகத்தை ஈத்தோஸ் கேப்பிடல் என்ற தனியார் முதலீட்டு நிறுவனத்துக்கு 113.5 கோடி டாலருக்கு விற்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது. தொண்டு நிறுவனங்கள் எதிர்த்தன, கலிஃபோர்னியாவின் அரசுத் தலைமை வழக்குரைஞரும் எதிர்த்து எழுதினார், 2020 ஏப்ரல் 30 அன்று, டொமைன் பெயர் முறையை மேற்பார்வையிடும் ஐகேன் அமைப்பு ஒப்புதல் மறுத்தது. விற்பனை நின்றதே தவிர, முன்பு நீக்கப்பட்ட உச்சவரம்பு அந்த முடிவால் திரும்பிவிடவில்லை. வணிகர்கள் இருக்கும் டாட் காமில் விலை உயர்வுக்கு ஒப்பந்த வரம்பு இருக்க, நன்கொடையில் வாழ்பவர்கள் இருக்கும் இடத்தில் அது இல்லாதது எனக்கு இன்றும் வேடிக்கையாகவே படுகிறது. இருந்தும் இயக்கங்களுக்கு டாட் ஆர்க்கையே பரிந்துரைப்பேன். மற்ற இடங்களின் கதை இதைவிட மோசம்.

அந்த மற்ற இடங்களில் கவர்ச்சி மிகுந்தவை நாட்டுப் பின்னொட்டுகள். சொல்லோடு பின்னொட்டு இணைந்து அழகாக அமையும்போது தேர்வு செய்பவருக்கு மயக்கம் ஏற்படுவது இயல்பே. லிபியாவின் ‘டாட் எல்ஒய்’யில், பிட்.லி போலவே நீண்ட முகவரிகளைச் சுருக்கும் சேவையாக இருந்த விபி.லி 2010-இல் அந்நாட்டுப் பதிவகத்தால் முடக்கப்பட்டது. கைகள் திறந்திருக்கும் உடையில், பாட்டிலோடு ஒரு பெண் இருக்கும் படம் அந்நாட்டுச் சட்டத்துக்கு ஒவ்வாதது என்பது காரணங்களில் ஒன்று. பாலினச் சிறுபான்மையினர் நடத்திய ஒரு சமூகத் தளம் ஆப்கானிஸ்தானின் ‘டாட் ஏஎஃப்’பில் இருந்தது, 2024-இல் தாலிபான் அரசு அதை நிறுத்தியது. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் வெளியேறப் பாடுபட்ட ‘லீவ்.இயு’ இயக்கத்துக்கு நேர்ந்தது இன்னும் சுவையானது: கோரிக்கை நிறைவேறியதும், ஒன்றியத்தின் குடிமக்களுக்கும் அங்குள்ளோருக்கும் உரிய ‘டாட் இயு’வைத் தொடர அவ்வமைப்புக்குத் தகுதி இருக்கிறதா என்ற கேள்வி எழுந்து, 2021-இல் அந்தப் பெயர் முடக்கப்பட்டது. கட்டலான் மொழிக்கென்றே அமைந்த ‘டாட் கேட்’ நாட்டுப் பின்னொட்டு இல்லை, ஒரு பண்பாட்டுச் சமூகத்துக்கு உரியது. எனினும் கட்டலோனியா ஸ்பெயினிலிருந்து பிரிவது குறித்த 2017 பொது வாக்கெடுப்பையொட்டி ஸ்பெயின் காவல்துறையினர் அதன் பதிவக அலுவலகத்துக்குள்ளேயே நுழைந்தார்கள்.

வணிகத்துக்கு இதே பின்னொட்டுகள் வேறு முகம் காட்டுகின்றன. அங்குவிலா என்ற சிறு தீவின் ‘டாட் ஏஐ’ செயற்கை நுண்ணறிவு நிறுவனங்களின் அடையாளமாகிவிட்டது. 2023-இல் அத்தீவு அரசின் வருவாயில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் அதிலிருந்தே வந்தது. விற்பவருக்கு வருவாய் அவ்வளவு முக்கியமாக இருக்கும்போது பெயரைப் பறிக்கும் ஆவல் குறைவு. ஆனால் நாடு மாறினால் எழுத்தும் போகும்: யுகோஸ்லாவியாவின் ‘டாட் ஒய்யு’ 2010-இல் நீக்கப்பட்டது. சாகோஸ் தீவுகளை மொரிஷியஸுக்கு ஒப்படைக்கும் உடன்பாடு வந்தபின், அந்தத் தீவுகள் அடங்கிய பிரிட்டிஷ் பகுதிக்கு உரிய ‘டாட் ஐஓ’ வைத்திருக்கும் மென்பொருள் நிறுவனங்கள் அதே கேள்வியை எதிர்கொள்கின்றன.

2012-இல் 1,85,000 டாலர் விண்ணப்பக் கட்டணத்தோடு திறக்கப்பட்ட புதிய பின்னொட்டுகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கூகுளின் தாய் நிறுவனமான ஆல்ஃபபெட் 2015-இல் ஏபிசி.எக்ஸ்ஒய்இசட் என்று அமைத்தது அழகுதான். ஆல்ஃபபெட்டைப் போலப் பெயர் பெற்றவர்களுக்கு எந்தப் பின்னொட்டும் பொருந்தும். மற்றவர்கள் முதலாண்டுத் தள்ளுபடியைப் பார்க்காமல் புதுப்பிப்புக் கட்டணத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். டாட் இந்தியா, டாட் இலங்கை, டாட் சிங்கப்பூர் ஆகியவற்றைத் தமிழ் எழுத்திலேயே பதிவு செய்ய முடிகிறது. ஆனால் மின்னஞ்சலில் இணைப்பாக ஒட்டும்போது அவை பல இடங்களில் எக்ஸ்என் என்று தொடங்கும் புரியாத லத்தீன் எழுத்துச் சரமாகத் தெரிவதால், முதன்மை முகவரியாக வைக்காமல் துணைப் பெயராக வைத்துக்கொள்வதே இப்போதைக்கு உகந்தது.

எதிராளி முந்திக்கொள்ளும் ஆபத்து இரு தரப்புக்கும் உண்டென்றாலும் காலக்கெடு வேறுபடுகிறது. ஒத்த பெயரைத் தீய எண்ணத்தோடு பதிந்தவருக்கு எதிராக 1999 முதல் ஐகேனின் தகராறு தீர்ப்பு நடைமுறை இருக்கிறது. வணிகச் சின்னம் உள்ள நிறுவனம் சில வாரங்களிலோ மாதங்களிலோ பெயரை மீட்டுக்கொள்ளலாம். தேர்தல் காலத்தில் அந்த அவகாசம் கிடைப்பதில்லை. 2015 டிசம்பரில் ஜெப்புஷ்.காம் என்று தட்டியவர்கள் டொனால்ட் டிரம்ப்பின் பிரசாரத் தளத்துக்குப் போனார்கள். அமெரிக்க அதிபர் வேட்பாளர் தேர்வில் டிரம்ப்போடு போட்டியிட்ட ஜெப் புஷ்ஷின் அணி தன் தளத்தை வேறு பெயரில் நடத்திக்கொண்டிருந்தது.

நான் தன்னார்வலராக இருந்த ஒரு சிறு அமைப்பில், பெயரைப் பற்றி மூன்று கூட்டங்கள் நடத்தி, பின்னொட்டைப் பற்றி ஒரு கூட்டம் நடத்தி, ஒருமனதாக முடிவெடுத்தோம். பதிவை முடித்தவர் தன் சொந்த மின்னஞ்சலைக் கொடுத்திருந்தார்; இரண்டாம் ஆண்டில் அவர் விலகிப் போனார்; புதுப்பிப்பு நினைவூட்டல்கள் அவர் திறக்காத பெட்டிக்கே போயின. தளம் மறைந்த பிறகுதான் விசாரித்தோம். மீட்புக்கான முப்பது நாள் அவகாசத்தில் ஆறு நாள் மிச்சமிருந்தது. அபராதக் கட்டணத்தைச் செலுத்திப் பெயரை மீட்ட அன்றே, கணக்கை அமைப்பின் பொது மின்னஞ்சலுக்கு மாற்றி, கடவுச்சொல்லை இருவரிடம் ஒப்படைத்தோம்.