க்ரால் ஸ்பேஸ் வேலைக்குக் கையெழுத்துப் போடுமுன்: வெள்ளை ஷீட்டுக்கு அடியில் இருந்தது என்ன?

வட கரோலினாவில் ராலே, கேரி, மாரிஸ்வில், அபெக்ஸ் பக்கம் வீடு வாங்கியவர்கள், வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு. வீட்டுத் தரைக்கும் மண்ணுக்கும் நடுவே ஆள் ஊர்ந்து போகும் உயரத்தில் இருக்கும் இடம்தான் க்ரால் ஸ்பேஸ். அதன் காற்றுத் துளைகளை (வென்ட்) அடைத்து, மண்ணையும் சுவரையும் பிளாஸ்டிக் ஷீட்டால் (லைனர்) மூடி ஓதத்தை நிறுத்தித் தருகிறோம் என்று வந்த ஒரு கம்பெனி, ஒரு தமிழ்க் குடும்பத்தின் வீட்டில் செய்துவிட்டுப் போன வேலையின் விவரம் இது. கம்பெனியின் பெயரை விடுங்கள். இதே வேலையைச் செய்ய இன்னும் நாலு பேர் இருக்கிறார்கள்.

வீடு 40 அடிக்கு 40 அடி, அதாவது 1,600 சதுர அடி. தொண்ணூறுகளில் கட்டியது. சுற்றிலும் பிளாக் சுவர், நடுவில் தூண்கள், கீழே வெறும் செம்மண். ஒப்பந்தத் தொகை 11,800 டாலர். பிப்ரவரியில் வேலை முடிந்த அன்று மீட்டரில் ஈரப்பதம் 46 சதவீதம் என்று காட்டிக் கடைசித் தவணையை வாங்கிக்கொண்டார்கள். ஜூலையில் அதே இடத்தில் 84 சதவீதம். ஹாலில் மரத்தரைப் பலகைகள் ஓரம் தூக்கிக் கிண்ணம் போல வளைய ஆரம்பித்த பிறகுதான் கீழே இறங்கிப் பார்த்தார்கள்.

பிப்ரவரி மீட்டருக்கு மதிப்பே இல்லை. குளிர்காலக் காற்றில் ஈரம் குறைவு. ஒன்றுமே செய்யாத க்ரால் ஸ்பேஸ் பலவும் அப்போது அந்த எண்ணைத்தான் காட்டும். வட கரோலினாவில் சோதனைக் காலம் ஜூன் முதல் செப்டம்பர் வரை. வெளியே 90 டிகிரி ஃபாரன்ஹீட், 60 சதவீத ஈரப்பதம் என்றால் அந்தக் காற்று 74 டிகிரிக்குக் குளிர்ந்தாலே வியர்க்கத் தொடங்கிவிடும். வீட்டுக்கு அடியில் மண் 70 டிகிரியை ஒட்டி இருக்கும். ஏசியின் குளிர்காற்றுக் குழாயான டக்டோ 55 டிகிரியில் ஓடுகிறது. வென்ட்டைத் திறந்து வைத்தால் காற்றோட்டத்தில் காய்ந்துவிடும் என்பது நம்ம ஊர் வெயிலுக்குப் பொருந்தலாம், இங்கே வென்ட் வழியாக உள்ளே வருவதே தண்ணீர்தான். இதே மாநிலத்தில் பிரின்ஸ்வில் ஊரில் ஒரே மாதிரி 12 வீடுகளை வைத்து அட்வான்ஸ்டு எனர்ஜி நிறுவனம் ஒப்பிட்டுப் பார்த்தது. முறையாக மூடிய க்ரால் ஸ்பேஸ்கள் கோடையிலும் காய்ந்திருந்தன, ஏசி, ஹீட்டர் செலவும் 15 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. ஆக, மூடுவது என்ற யோசனையில் தவறில்லை. அதன் பெயரில் செய்த வேலைதான் மோசடி.

முதல் வருகை இலவசப் பரிசோதனை. பிளாக் சுவரில் வெள்ளையாகப் பூத்திருந்ததைப் படம் எடுத்து, "பூஞ்சை, குழந்தைகள் இருக்கிற வீடு" என்று சொல்லியிருக்கிறார் விற்பனையாளர். அது வெறும் உப்பு. ஊரில் பழைய வீட்டுச் சுவரில் உப்புப் பூப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியது, அமெரிக்கச் சுவர் என்றதும் மறந்துபோகிறது. கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் உப்பு கரைந்துவிடும், பூஞ்சை கரையாது. தரையைத் தாங்கும் ஜாயிஸ்ட் மரத்தில் இருந்த கறுப்புக் கறையையும் காட்டினார்களாம். மரக்கடையில் கிடக்கும்போதே அந்தக் கறையோடு வரும் பலகைகள் உண்டு. கறை ஒன்றையும் நிரூபிக்காது. ஊசி மீட்டரை மரத்தில் குத்திப் பார்க்க வேண்டும். 16 சதவீதத்துக்குக் கீழே என்றால் கவலையில்லை. 20-ஐத் தாண்டினால் ஏதோ தவறு. 28-ஐ ஒட்டிப் போய் அங்கேயே நின்றால் மரம் அழுகத் தொடங்கும். அவர்கள் தந்த பரிசோதனை அறிக்கையில் பன்னிரண்டு படங்கள் இருந்தன, மர ஈரத்துக்கு ஒரு எண் கூட இல்லை.

அடுத்து ஒப்பந்தத்தில் எழுதியிருந்ததும் கிடைத்ததும்.

"20 மில் லைனர்" என்று எழுதியிருந்தது. ஒரு மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, 20 மில் என்றால் அரை மில்லிமீட்டர். ஓரத்தில் வெட்டிய துண்டைக் கனம் அளக்கும் கேலிப்பரில் வைத்தால் 0.2 மில்லிமீட்டர்தான், அதாவது 8 மில். சட்டப்படி 6 மில் ஷீட்டே ஓதத்தைத் தடுக்கப் போதும் என்பது வேறு விஷயம். ஆனால் மேலே ஆள் ஊர்ந்து போனால், ஏசி மெக்கானிக் முட்டி போட்டால் 6, 8 மில் கல்லில் பட்டுக் கிழியும். அதனால்தான் 12-க்கு மேல் கேட்கிறோம், அதற்குத்தான் கூடுதல் காசும். ஒப்பந்தத்தில் கனத்தோடு, நீராவித் தடுப்பு ஷீட்டுக்கான ஏஎஸ்டிஎம் ஈ1745 தரம் என்றும் எழுதி வாங்குங்கள். அந்தத் தரத்தில் நீராவி ஊடுருவல் 0.1 பெர்முக்கு (ஊடுருவலை அளக்கும் அலகு) மேல் போகக் கூடாது. வேலை நாளன்று உருளையின் லேபிளைப் படம் எடுங்கள், உருளைகளை எண்ணுங்கள். இந்த வீட்டுக்குத் தரை 1,600, சுவரில் இரண்டரை அடி ஏற்றம் 400, ஒன்றன்மேல் ஒன்று ஏறும் ஓரங்களும் தூண் சுற்றலும் சேர்த்து இன்னொரு 200. 12 அடி அகலம், 100 அடி நீள உருளை இரண்டு இறங்கினால்தான் கணக்குச் சரி. இறங்கியது ஒன்றும் ஒரு துண்டும்.

மிச்சம் பிடித்தது எங்கே? சுவரில் இரண்டரை அடி ஏற வேண்டிய ஷீட் ஆறு அங்குலத்தோடு நின்றுவிட்டது. ஷீட்டுக்கு மேல் ஷீட் மூன்று அங்குலம்தான் ஏறியிருந்தது. ஐஆர்சி என்ற வீட்டுக் கட்டுமான விதித் தொகுப்பு இரண்டுக்குமே ஆறு அங்குலம் குறைந்தபட்சம் என்கிறது, நல்ல வேலைக்காரர் ஓரத்தை 12 அங்குலம் ஏற்றுவார். தூசி துடைக்காத பிளாக்கின் மேல் வெறும் டேப்பை ஒட்டியிருந்தார்கள். ஆகஸ்டில் அது வாழைப்பட்டை உரிந்த மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. சுவரை இரும்புப் பிரஷால் தேய்த்து, பியூட்டைல் (ரப்பர்) டேப்போ மாஸ்டிக் பசையோ போட்டு, அதற்கு மேல் ஆணியும் அடிக்க வேண்டும். டேப் மட்டும் எந்தக் கோடையையும் தாங்காது.

ஒரு இடத்தில் மட்டும் ஷீட்டைத் தேவைக்கு அதிகமாக ஏற்றியிருந்தார்கள். வடக்குச் சுவரில், உச்சியில் உட்காரும் சில் பலகை வரை கொண்டுபோய் ஒட்டி, இடுக்கில் ஸ்ப்ரே ஃபோமும் அடித்துவிட்டார்கள். பார்க்க அழகுதான். ஆனால் சுவர் உச்சியில் மூன்று அங்குலம் வெறுமையாக விட வேண்டும், கரையான் மண்குழாய் கட்டி ஏறினால் கண்ணில் படுவதற்காக. அந்த இடைவெளி இல்லாததால் வருடாந்தரப் பரிசோதனைக்கு வந்த கரையான் கம்பெனிக்காரர் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். லைனர் போடும் முன் கரையான் ஒப்பந்தம் வைத்திருக்கும் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்து, எழுத்திலேயே பதிலும் வாங்குங்கள். ஒரு மின்னஞ்சல்தான் வேலை.

எல்லாவற்றிலும் பெரிய கோளாறு தண்ணீர். வடமேற்கு மூலையில் டார்ச் அடித்தால் ஷீட் பளபளவென்று சுத்தமாகத் தெரிகிறது. உள்ளங்கையை வைத்து அழுத்தினால் தண்ணீர்ப் பையை அழுத்துவது போலக் குலுங்கி, அலை இரண்டு அடி தள்ளிப் போய்த் தூணில் முட்டித் திரும்புகிறது. ஷீட்டைக் கீறிப் பார்த்தால் இரண்டு அங்குலத் தண்ணீர், அதில் பழைய ஃபைபர்கிளாஸ் பஞ்சும் கட்டும்போது விட்டுப்போன மரத்துண்டுகளும். கரையானுக்குச் சாப்பாடும் தண்ணீரும் வைத்து மேலே போர்வையும் போர்த்திய கதை.

அந்தத் தண்ணீர் மண்ணிலிருந்து ஊறியதல்ல. அந்த மூலையில் கூரைத் தண்ணீர் இறங்கும் டவுன்ஸ்பவுட் அஸ்திவாரத்தை ஒட்டியே கொட்டிக்கொண்டிருந்தது. பூச்செடிக்காகப் போட்ட மண்ணும் வீட்டை நோக்கிச் சரிந்திருந்தது. வெளியே முதல் பத்தடியில் மண் ஆறு அங்குலமாவது வீட்டைவிட்டு விலகிச் சரிய வேண்டும், டவுன்ஸ்பவுட்டைக் குறைந்தது ஆறடி தள்ளிக் கொண்டுபோய் விட வேண்டும். இரண்டுக்கும் ஆகும் செலவு லைனர் செலவில் சிறு பகுதி. அதனால்தானோ என்னவோ விற்பனையாளர் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. இதைச் செய்த பிறகும் மழைக்குப் பின் உள்ளே தண்ணீர் நின்றால், சுவரின் உட்புறம் சுற்றிலும் வடிகால் குழாய், தாழ்வான மூலையில் தண்ணீரை வெளியே தள்ளும் சம்ப் பம்ப். நிலம் சரிவாக இருந்தால் பம்ப் கூட வேண்டாம், குழாயை வெளியே சரிவில் திறந்துவிட்டு எலி புகாமல் மூடி போட்டால் போதும். கரண்ட்டை நம்பாத ஏற்பாடு அதுதான். இதெல்லாம் முடிந்து, ஒரு நல்ல மழையையும் பார்த்த பிறகுதான் லைனர். வரிசை மாறினால் லைனர் குளத்துக்கு மூடி.

ஈரம் உறிஞ்சும் இயந்திரத்தில் ஏமாற்றியது இன்னொரு விதம். ஒப்பந்தத்தில் "டீஹியூமிடிஃபையர், 1" என்று மட்டும் இருந்தது. கொள்ளளவு இல்லை. வந்தது படுக்கையறையில் வைக்கும், நாளொன்றுக்கு 30 பைண்ட் (ஒரு பைண்ட் சுமார் அரை லிட்டர்) தண்ணீர் எடுக்கும் பெட்டி. ஐஆர்சி விதிப்படி 1,000 சதுர அடிக்கு நாளொன்றுக்கு 70 பைண்ட், இந்த வீட்டுக்கு 112 பைண்ட், சுமார் 53 லிட்டர். அறைப் பெட்டிகள் குளிர்ந்த க்ரால் ஸ்பேஸில் குளிர்க் குழாய்ச் சுருளில் பனி பிடித்து நின்றுவிடவும் செய்யும். பைண்ட் கணக்கிலும் ஒரு கண்கட்டு வித்தை உண்டு. காற்று முழுக்க ஈரமாக இருக்கும்போது எடுக்கும் அளவைப் பெரிதாகப் போடுவார்கள், 80 டிகிரி, 60 சதவீதத்தில் எவ்வளவு என்று கேளுங்கள். இந்த வீட்டில் அந்தப் பெட்டியின் வடிகுழாய் எங்கே போனது என்று பார்த்தவர்களுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. லைனரில் ஒரு ஓட்டை போட்டு மண்ணுக்குள்ளேயே விட்டிருந்தார்கள். எடுத்த தண்ணீரை அதே மண்ணுக்குத் திருப்பிக் கொடுத்துக்கொண்டு இரவும் பகலும் ஓடியிருக்கிறது, மாதாமாதம் கரண்ட் பில்லோடு.

இயந்திரமே வேண்டாம் என்றால் ஐஆர்சி கணக்கில் ஏசி டக்டிலிருந்து 50 சதுர அடிக்கு நிமிடத்துக்கு ஒரு கன அடி காற்று விடலாம், இந்த வீட்டுக்கு 32 கன அடி. மலிவு, ஆனால் ஏசி ஓடாத மிதமான நாட்களில் காயாது. இங்கே இயந்திரமே மேல் என்பது நம் கருத்து. 50 முதல் 55 சதவீதத்தில் வைத்து, தண்ணீரை வெளியே பம்ப் செய்து, வயர்லெஸ் மீட்டர் ஒன்றைக் கீழே வைத்து எண்ணை மாடியில் பாருங்கள். மீட்டர் விலை ஒரு பீட்சாவுக்குள் அடங்கும்.

இனி சொல்வது உயிர் சம்பந்தப்பட்டது. க்ரால் ஸ்பேஸுக்குள் கேஸ் ஃபர்னஸோ வாட்டர் ஹீட்டரோ இருந்து, அது எரிவதற்கான காற்றை அங்கிருந்தே எடுக்கும் பழைய வகை என்றால், வென்ட்களை அடைத்ததும் புகை வெளியேறாமல் கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் ஏறலாம். வெளிக்காற்றைத் தனிக் குழாயில் எடுக்கும் வகையாக அதை மாற்றிய பிறகே மூட வேண்டும். இந்த வீட்டில் ஹீட்டர் கராஜில் இருந்தது அதிர்ஷ்டம். கம்பெனிக்காரர்கள் அது எங்கே இருக்கிறது என்று கேட்கவே இல்லை. அதே போலத் துணி உலர்த்தும் இயந்திரத்தின் ஈரக்காற்றுக் குழாய் க்ரால் ஸ்பேஸில் முடிந்தால் முதலில் அதை வெளியே நீட்டுங்கள். மூடிய பிறகு ரேடான் (மண்ணிலிருந்து வரும் கதிரியக்க வாயு) சோதனை ஒன்றும் செய்யுங்கள். லிட்டர் காற்றுக்கு 4 பிக்கோகியூரிக்கு மேல் என்றால் லைனருக்கு அடியிலிருந்தே விசிறி வைத்து வாயுவை வெளியே இழுத்துவிடலாம்.

"ஆயுட்கால வாரண்டி" என்று முதல் பக்கத்தில் பெரிய எழுத்து. நாலாம் பக்கத்தில், லைனர் தயாரிப்புக் குறையால் கிழிந்தால் மட்டும், அதுவும் ஆண்டுச் சேவைக் கட்டணம் தவறாமல் கட்டியிருந்தால் மட்டும். தண்ணீர், ஈரப்பதம், பூஞ்சை எதுவும் சேராது. கேட்க வேண்டியது ஒரே வரி: ஜூன் முதல் செப்டம்பர் வரை ஈரப்பதம் 60 சதவீதத்துக்குள் இருக்கும், தாண்டினால் கூடுதல் செலவின்றிச் சரிசெய்வோம். பத்து சதவீதத் தொகையை ஜூலை இறுதி வரை நிறுத்திவைக்கக் கேளுங்கள். மறுத்தால் அந்த வரியையாவது எழுதாமல் கையெழுத்து வேண்டாம்.

உரிமம் பற்றியும் ஒரு வார்த்தை. வட கரோலினாவில் 40,000 டாலருக்குக் குறைந்த வேலைக்கு ஜெனரல் கான்ட்ராக்டர் உரிமம் தேவையில்லை. அதனால் "லைசென்ஸ் உண்டு" என்றால் எது என்று கேளுங்கள், பல நேரம் வெறும் தொழில் பதிவைத்தான் காட்டுவார்கள். டீஹியூமிடிஃபையருக்குப் புதிய பிளக் பாயின்ட் போட உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியன் வேண்டும், அது மின்கசிவு வந்தால் தானே அணையும் ஜிஎஃப்சிஐ வகையாக இருக்க வேண்டும். இந்த வீட்டில் எக்ஸ்டென்ஷன் வயர் ஒன்று ஜாயிஸ்ட்டில் ஸ்டேபிள் அடித்து ஓடிக்கொண்டிருந்தது.

"இன்று போட்டால் 2,000 தள்ளுபடி" என்பதற்கு மயங்கி சாப்பாட்டு மேசையிலேயே கையெழுத்துப் போட்டுவிட்டீர்கள் என்றாலும் வழி உண்டு. வீட்டில் வைத்துச் செய்த இத்தகைய விற்பனையை மூன்று வேலை நாட்களுக்குள், மூன்றாம் நாள் நள்ளிரவு வரை, காரணம் சொல்லாமல் ரத்து செய்ய கூட்டாட்சி வர்த்தக ஆணையத்தின் (எஃப்டிசி) விதி இடம் தருகிறது. சனிக்கிழமையும் வேலை நாளில் சேர்த்தி, ஞாயிறும் கூட்டாட்சி விடுமுறையும் சேராது. ரத்துப் படிவம் இரண்டு பிரதி அவர்களே தர வேண்டும். தராவிட்டால் நீங்களே கடிதம் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் குடும்பத்துக்கு அந்த மூன்று நாள் போய்விட்டது. மாநில அட்டர்னி ஜெனரலின் நுகர்வோர் பிரிவில் புகார் கொடுத்திருக்கிறார்கள். சிறு வழக்கு நீதிமன்றத்தின் வரம்பு மாவட்டத்தைப் பொறுத்து 5,000 முதல் 10,000 டாலர், அதற்குள் கேட்கத் தயாராகிறார்கள். கையில் இருப்பது கேலிப்பரோடு எடுத்த படம், கீறிய ஷீட்டில் தண்ணீர் தெரியும் வீடியோ, கரையான் கம்பெனியின் மறுப்புக் கடிதம். டவுன்ஸ்பவுட்டை நீட்டி, வெளியே மண்ணைச் சரித்து, பஞ்சையும் மரத்துண்டுகளையும் அள்ளி வெளியேற்றிய பின் செப்டம்பரில் பெய்த இரண்டு மழைக்கும் அந்த மூலை காய்ந்தே இருந்தது. புது லைனர் இன்னும் போடவில்லை.