பிள்ளைகள் கையில் ஐபேட்: புறக்கோட்டையில் வாங்கிய நுரைக் கவர் எப்படி?

கொழும்பு வெள்ளவத்தையில் விசேட தேவையுள்ள பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறேன். பேச்சு வராத சில பிள்ளைகள் எங்கள் வகுப்பில் ஐபேட் மூலம்தான் கதைக்கிறார்கள். சென்னையில் உருவான ஆவாஸ் என்ற செயலியில் படத்தைத் தொட்டால் அது தமிழில் வாய்விட்டுச் சொல்லும்: தண்ணி வேணும், போதும், அம்மா எங்கே. அந்த ஐபேட் உடைந்து திருத்தக் கொடுத்தால், திரும்பி வரும் வரைக்கும் பிள்ளைக்குத் தன் தேவையைச் சொல்ல வழியே இல்லை. அதனால் கவர் விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை.

எங்களிடம் இருப்பது 2021இல் வந்த ஒன்பதாம் தலைமுறை ஐபேட், 10.2 அங்குலத் திரை. அதற்கு வாங்கியது கைபிடி வைத்த தடித்த ஈ.வி.ஏ நுரைக் கவர். எடை குறைந்த செருப்புகளின் அடிப்பாகம் செய்கிற அதே பொருள்தான் இது. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் ஒரு சின்னக் கடையில் மூவாயிரம் ரூபாய்க்குள் கிடைத்தது. கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டிப் பக்கம் கடைத்தொகுதிகளிலும் இதே சாமான் இருக்கிறது. ஆனால் புறக்கோட்டையில் பத்துக் கவரை எடுத்து மேசையில் போட்டு அமத்திப் பார்க்க விடுவார்கள். அதற்காகவே வெயிலில் அலையலாம்.

கடைக்கார நானா முதலில் எடுத்துக் காட்டியது கறுப்பு நிறத்தில் ஒரு கடினமான கவர். பெட்டியில் பெரிதாக மிலிட்டரி என்று போட்டிருந்தது. "டீச்சர், இது விழுந்தா ஒண்டும் ஆகாது, ஆமி டெஸ்ட் பண்ணினது" என்றார். அவர் பெட்டியில் இருந்ததைத்தான் சொன்னார், அவரில் பிழையில்லை. ஆனால் கவர்களில் மிலிட்டரி என்று போடுவதற்கு ஆதாரமாகக் காட்டுகிற மில்-எஸ்.டி.டி. 810 பற்றி வாங்குகிற எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். அது அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் சோதனை முறை. வழக்கமாகச் சொல்லும் விழும் சோதனையில் 122 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து 26 தடவை, ஒவ்வொரு பக்கமும் விளிம்பும் மூலையும் படும்படி போடுவார்கள். அந்த 26 தடவையையும் ஒரே பொருள் தாங்க வேண்டும் என்றில்லை, ஐந்து பொருள்கள் வரை பிரித்துக்கொள்ளலாம். விழும் தரையும் கொங்கிரீட்டின் மேல் விரித்த இரண்டு அங்குல ஒட்டுப்பலகை. எங்கள் வகுப்பில் வெறும் டைல். அதோடு, கவருக்கு இராணுவம் சான்றிதழ் எதுவும் கொடுப்பதில்லை. கம்பனி தானே சோதித்துத் தானே எழுதிக்கொள்ளலாம். ஆகவே அந்த வசனத்தை நம்பி ஆயிரம் இரண்டாயிரம் கூடக் கொடுக்காதீர்கள்.

நான் பார்ப்பது மூலையைத்தான். ஐபேட் விழும்போது தட்டையாக விழுவது குறைவு, ஏதாவது ஒரு மூலைதான் முதலில் தரையில் படும். 75 சென்டிமீட்டர் மேசையிலிருந்து விழுகிற சாமான் தரையைத் தொடும்போது மணிக்குக் கிட்டத்தட்ட 14 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. அந்த வேகம் ஒரு மில்லிமீட்டருக்குள் நின்றால் சராசரி அடி அதன் எடையைப் போல் 750 மடங்கு. நுரை ஐந்து மில்லிமீட்டர் அமுங்கி இடம் கொடுத்தால் அது 150 மடங்காகக் குறையும். கவர் செய்கிற முழு வேலையும் இவ்வளவுதான், அமுங்கி நேரம் கொடுப்பது. அந்தக் கறுப்புக் கவரின் மூலையைப் பெருவிரலால் அமத்தினேன், அசையவே இல்லை. நுரைக் கவரின் மூலை விரலுக்கு உள்ளே போய், விட்டதும் மெதுவாகத் திரும்பி வந்தது. அதை எடுத்துக்கொண்டேன்.

இன்னொன்றும் கடையிலேயே பாருங்கள். ஐபேட்டைக் கவருக்குள் போட்டு முகம் குப்புற மேசையில் வையுங்கள். ஒரு விசிட்டிங் கார்டை அடியில் தள்ளினால் தடையில்லாமல் போய்வர வேண்டும். போகவில்லை என்றால் விளிம்பு போதிய உயரம் இல்லை, திரை தரையில் உரசும். மேலே கண்ணாடி ஒட்டுகிற எண்ணம் இருந்தால் அதை ஒட்டிய பிறகு பாருங்கள், அந்தத் தடிப்பும் விளிம்பின் உயரத்தைத் தின்றுவிடும்.

மூலைக்கு நான் இவ்வளவு முக்கியம் கொடுக்க வேறு காரணமும் இருக்கிறது. ஒன்பதாம் தலைமுறையில் கண்ணாடியும் உள்ளே இருக்கும் திரையும் தனித்தனி, அதனால் கண்ணாடி மட்டும் போனால் அதை மட்டும் மாற்றலாம். நல்ல விஷயம். ஆனால் உடம்பு மெல்லிய அலுமினியம். மூலை நெளிந்துவிட்டால் புதுக் கண்ணாடி சரியாக உட்காராது. நெளிவை எடுக்காமல் ஒட்டினால் விழாமலேயே அந்த மூலையிலிருந்து மறுபடி வெடிக்கும். எங்கள் வகுப்புக்கு ஒருவர் நன்கொடையாகத் தந்த ஐபேட் அப்படித்தான் வந்தது, ஒரு மூலை உள்ளே போய், அங்கிருந்து மூன்று கோடு விரிந்து.

சரி, கவர் வகுப்பில் எப்படி நிற்கிறது? ஒரு பிள்ளை இருக்கிறார், சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்ததும் கையில் இருப்பதை அப்படியே விட்டுவிடுவார். ஐபேட் மூலையில் குத்தி, ஒருமுறை துள்ளி, படுத்துக்கொள்ளும். எடுத்துக் கொடுத்தால் வேலை செய்கிறது. கைபிடி நல்ல யோசனை, சின்னக் கைக்கு அகலமான தட்டைப் பிடிப்பதை விட அதைப் பிடிப்பது சுலபம். அதையே பின்னால் மடித்தால் மேசையில் சாய்ந்து நிற்கும். சத்தம்தான் எனக்குப் பெரிய கவலையாக இருந்தது. இந்த ஐபேட்டின் இரண்டு ஸ்பீக்கரும் கீழ் விளிம்பில் இருக்கின்றன, பல நுரைக் கவர்களில் அந்த இடம் பாதி மூடிப்போகும். இதில் ஒலி முன்பக்கம் வரும்படி வாய்க்கால் வெட்டியிருக்கிறது. காலி வீதி பஸ் இரைச்சலுக்குள்ளும் பிள்ளை சொன்னது கேட்கிறது. இந்த ஒன்றுக்காகவே முழுப் புள்ளி கொடுப்பேன்.

குறைகளும் இருக்கின்றன. புதிதில் நுரை நாறும், பல்கனியில் சில நாள் காற்றாட விட்ட பிறகே பிள்ளையிடம் கொடுங்கள். கடிக்கிற பழக்கம் உள்ள பிள்ளைக்கு இது வேண்டவே வேண்டாம். நுரை துண்டாகப் பிய்ந்து வாய்க்குள் போகும், தொண்டையில் சிக்கினால் ஆபத்து. அந்தப் பிள்ளைகளுக்கு எடை கூடினாலும் தடித்த சிலிக்கோன் கவர் வாங்குங்கள். நுரை சூட்டையும் வெளியே விடாது. ஐபேட்டைச் சுற்றுப்புற வெப்பம் 35 பாகைக்குள் இருக்கும் இடத்தில் பாவிக்கச் சொல்கிறது ஆப்பிள். சித்திரை மாதம் கொழும்பில் மூடிய அறைக்குள் அதை எட்ட அதிக நேரம் எடுக்காது. அதனால் சார்ஜ் போடும்போது நாங்கள் கவரைக் கழற்றிவிடுகிறோம். உள்ளே சேர்ந்த மண்ணையும் அப்போதே துடைத்துவிடலாம், கடற்கரைப் பக்கம் இருப்பவர்களுக்கு இது கட்டாயம். மணல் துணிக்கை கண்ணாடியில் கீறு போடும், கீறின இடம் அடுத்த அடிக்குச் சீக்கிரம் வெடிக்கும்.

முன்பக்கம் திறந்ததுதான் என்பதையும் மறக்காதீர்கள். கதிரைக் கால் மேல் குப்புற விழுந்தால் எந்த நுரையும் காப்பாற்றாது. அதற்குப் பெரும்பாலானோர் டெம்பர்ட் கிளாஸ் ஒட்டுவார்கள். நான் வகுப்பு ஐபேட்களுக்குப் பிளாஸ்டிக் படலம்தான் ஒட்டுகிறேன். அடியைத் தாங்குவது குறைவுதான், ஆனால் கண்ணாடிச் சில்லு பிள்ளையின் விரலில் ஏறாது.

வாங்கப் போகிறவர்கள் ஐபேட்டையே கையோடு கொண்டுபோங்கள். ஏழு, எட்டு, ஒன்பதாம் தலைமுறை மூன்றுக்கும் ஒரே கவர் பொருந்தும், பத்தாவதுக்குப் பொருந்தாது. அதன் திரையும் உடம்பும் வேறு, ஸ்பீக்கரும் இரண்டு அந்தத்திலும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பல கடை பூட்டியிருக்கும். வார நாளில் காலையிலேயே போனால் நானாமாருக்கும் எடுத்துக் காட்டப் பொறுமை இருக்கும். தோளில் மாட்டுகிற வார் சேர்ந்து வந்தால் அதன் கொளுக்கியை இழுத்துப் பாருங்கள். எங்களுக்கு வந்தது மெல்லிய பிளாஸ்டிக், வெள்ளவத்தைச் சந்தைக்குப் பக்கத்தில் பை தைக்கிறவரிடம் கொடுத்து இரும்புக் கொளுக்கி போட்டுக்கொண்டோம்.