புகைக்குழாய் இல்லாத கேஸ் கணப்பு: டெல்லியில் இருப்பவர்கள் கவனிக்க

ஜங்புராவில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் பழைய வீட்டின் ஹாலில் ஒரு கணப்பு (குளிர்காய நெருப்பு மூட்டும் சுவர் மாடம்) உண்டு. ஜனவரிக் குளிருக்கு அந்த ஹாலை மட்டும் சூடாக வைத்துக்கொண்டால் போதும் என்று, கணப்புக்குள் பொருத்தும் கேஸ் இன்சர்ட் வாங்கினோம். தஞ்சாவூரிலிருந்து வந்திருந்த அப்பா அம்மாவுக்காகத்தான்.

பில்லில் ‘டைரக்ட் வென்ட்’ என்று போட்டிருந்தார்கள். அந்த வகையில் முன்பக்கக் கண்ணாடி இறுக மூடியிருக்கும். எரிவதற்கான காற்று வெளியிலிருந்து வரும், எரிந்த காற்று குழாய் வழியாக வெளியே போய்விடும். ஆனால் நான் ஆபீஸில் இருந்தபோது வந்து மாட்டிவிட்டுப் போனது குழாயே இல்லாத மாடல். அப்பா கேட்டதற்கு, “கேஸில் புகையே வராது அங்கிள், சிம்னி திறந்திருந்தால் சூடுதான் வீணாகும்” என்று சொல்லி, சிம்னி வாயையும் தகரத்தால் அடைத்திருக்கிறார்கள்.

அன்று இரவே ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் வழிந்தது. ஒரு கிலோ கேஸ் எரிந்தால் 1.5 கிலோவுக்கும் மேல் நீராவி வரும், அத்தனையும் அறைக்குள்ளேயே நிற்கிறது. அம்மாவுக்குத் தலைவலி, குமட்டல். பித்தம் என்று நினைத்து இஞ்சிச் சாறு கொடுத்தோம். மாடி வீட்டு டாக்டரிடம் போனில் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி, “ஹீட்டர் எரிகிறதா?” உடனே அணைத்துவிட்டு எல்லோரையும் வெளியே வரச் சொன்னார். வெளிக்காற்றில் அம்மா தெளிந்தார். நினைத்தால் இப்போதும் உடம்பு நடுங்குகிறது.

காற்று போதாமல் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயு வரும். சிலிண்டர் கசிந்தால் மூக்குக்குத் தெரியும், ஏனென்றால் கேஸில் வாசனைப் பொருள் கலக்கிறார்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை. இரத்தத்தில் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுகப் பிடித்துக்கொள்ளும். தூக்கத்திலேயே உயிர் போய்விடும்.

சமையல் சிலிண்டரையே இந்த ஹீட்டருக்கும் மாட்டச் சொன்னார்கள் கடைக்காரர்கள். அந்த 14.2 கிலோ சிலிண்டர் சமையலுக்கு மட்டும்தான். பணத்தைக் கேட்டால், பெட்டி பிரித்துவிட்டதாம், திரும்ப எடுக்க மாட்டார்களாம். நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறோம்.

இதுபோல மாட்டியிருப்பவர்கள் இன்றிரவு எரிக்காதீர்கள். வெளியே போகும் குழாயைக் கண்ணால் பாருங்கள். கார்பன் மோனாக்சைடு அலாரம் ஆன்லைனில் கிடைக்கிறது, குழாய் இருந்தாலும் ஒன்று வாங்கி மாட்டுங்கள்.