ஆங்கி செயலி: படித்தது பழகியதாகத் தெரிந்தால் போதாது

வேலூர்ப் புரட்சியின்போது சென்னை மாகாண ஆளுநர் யார்? பெண்டிங், கிரடாக், ஃபேன்கோர்ட், கில்லெஸ்பி. பாடத்தை இரண்டு முறை புரட்டியவருக்கு இந்த நான்கு பெயருமே பழகியவைதான். எல்லாம் ஒரே பாடத்தில் வருபவை. 'எங்கேயோ பார்த்த பெயர்' என்ற உணர்வு இங்கே உதவாது. ஆளுநர் பெண்டிங், தலைமைத் தளபதி கிரடாக், கோட்டையில் கொல்லப்பட்டவர் ஃபேன்கோர்ட், ஆற்காட்டிலிருந்து வந்து கலகத்தை அடக்கியவர் கில்லெஸ்பி என்று யார் எந்த இடத்தில் நின்றார் என்பது நினைவுக்கு வந்தாக வேண்டும். ஒருபுறம் கேள்வி, மறுபுறம் விடை என்று அட்டைகளாகப் பாடத்தைப் பழக்கும் ஆங்கி என்ற செயலியையும் இதை வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

'எங்கேயோ பார்த்தது' என்ற பரிச்சயம், விவரத்தோடு நினைவுக்குக் கொண்டுவரும் மீட்டெடுப்பு என்ற இந்த இரண்டையும் மூளை ஒரே இடத்தில் செய்வதாகத் தெரியவில்லை. 'இது முன்பே பார்த்தது' என்ற பரிச்சய உணர்வில் பொட்டு மடலின் (காதையொட்டிய மூளைப் பகுதி) உட்புறத்தில் உள்ள பெரிரைனல் கார்டெக்ஸுக்குப் பெரிய பங்கு உண்டு. பெயரையும் அது வந்த சூழலையும் சேர்த்து முடிந்துவைத்து, பிறகு முழுதாக மீட்டுத் தருவது அதன் அருகே உள்ள ஹிப்போகேம்பஸ் என்ற பகுதி. மூளை மின்னலைப் பதிவுகளில், பரிச்சயத்தோடு சேர்த்துப் பேசப்படும் அலை, சொல்லைக் காட்டிய 300 முதல் 500 மில்லிவினாடிக்குள் தலையின் முன்பக்கம் தெரிகிறது. மீட்டெடுப்புக்குரியது 500-லிருந்து 800-க்குள், சற்றுத் தாமதமாக வருகிறது. வலிப்பு நோய்க்கான அறுவையில் பெரிரைனல் பகுதி பெரும்பாலும் அகற்றப்பட்டு, ஹிப்போகேம்பஸ் விட்டுவைக்கப்பட்ட ஒருவரைப் பற்றிய ஆய்வு 2007-ல் வெளியானது. அவருக்குப் பரிச்சய உணர்வு குன்றியிருந்தது, மீட்டெடுப்பு குன்றவில்லை. இரண்டும் ஒரே நினைவின் வலிமை வேறுபாடுதான் என்று வாதிடும் ஆய்வாளர்களும் உண்டு. அந்த விவாதம் முடியவில்லை. ஆனால் படிக்கிறவருக்குச் சிக்கல் எங்கே என்பது தெளிவு. பரிச்சயம் முந்திக்கொண்டு வருகிறது, வந்ததும் 'தெரியும்' என்ற திருப்தியைத் தந்துவிடுகிறது.

திரும்பத் திரும்ப வாசிப்பது அந்தத் திருப்தியைத்தான் வளர்க்கிறது. உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கும் 2006-ல் வெளியிட்ட சோதனையில், பத்தியை இருமுறை வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து 81 சதவீதம் எழுதினார்கள். ஒருமுறை வாசித்து, ஒருமுறை பார்க்காமல் எழுதிப் பழகியவர்கள் 75. ஒரு வாரம் கழித்து முன்னவர்கள் 42, பின்னவர்கள் 56.

ஆங்கி இந்த 'பார்க்காமல் சொல்' பயிற்சியை நாள் கணக்குப் போட்டுத் தருகிறது. திரையில் கேள்வி தோன்றும், விடையை மனதில் சொல்லிவிட்டுத் திருப்ப வேண்டும், பிறகு அகெய்ன் (மறுபடி), ஹார்ட் (கடினம்), குட் (நன்று), ஈஸி (எளிது) என்ற நான்கு பொத்தான்களில் ஒன்றை அழுத்த வேண்டும். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். விடையைப் பார்த்ததும் 'அட, இதுதானே' என்று தோன்றினால் ஹார்ட் அழுத்திவிடுகிறார்கள். அது பரிச்சயம். செயலியின் கணக்கில் ஹார்ட் என்றால் தேறியது என்று பொருள். திருப்புவதற்கு முன் விடை வாயில் வரவில்லை என்றால் அகெய்ன் மட்டுமே சரி. இல்லாவிட்டால், அட்டையை அடுத்து எப்போது காட்டுவது என்று கணக்கிடும் எஃப்.எஸ்.ஆர்.எஸ் முறை உங்கள் மறதியைத் தவறாகக் கணித்து, இடைவெளிகளை நீட்டிக்கொண்டே போகும்.

பிறர் தயாரித்த டெக்குகளை (அட்டைத் தொகுப்புகளை) தவிர்க்கவே சொல்வோம், குறிப்பாக நான்கு விருப்பங்களையும் கேள்விப் பக்கத்திலேயே அச்சடித்தவற்றை. பத்தாவது முறை வரும்போது கேள்வியைப் படிக்காமலே 'இரண்டாவது விடை' என்று கை போகும். அட்டையின் தோற்றமே பழகிவிட்டிருக்கும். அதைவிட, ஒரு செய்திக்கு இரண்டு மூன்று அட்டைகள், வேறு வேறு திசையிலிருந்து எழுதுங்கள்: '1806, வேலூர்: கிரடாக்கின் பொறுப்பு என்ன?', 'வேலூரை அடக்க ஆற்காட்டிலிருந்து வந்தவர்?', 'பெண்டிங், கிரடாக்: யார் ஆளுநர், யார் தளபதி?' அந்தக் கடைசி வகை அவசியமானது. ஒரே அட்டை எட்டு முறை தவறினால் செயலி அதை லீச் என்று குறித்துக் காட்டும். பெரும்பாலும் காரணம், அதைப் போலவே இன்னொன்று மனதில் குறுக்கே நிற்பதுதான். ஒத்தவற்றைப் பிரித்துப் பதிவது ஹிப்போகேம்பஸில் டென்டேட் கைரஸ் என்ற பகுதியின் வேலை என்று கருதப்படுகிறது. இரண்டையும் ஒரே கேள்வியில் எதிரெதிரே நிறுத்தினால் வேறுபாடு பதியும்.

அமைப்புகளில் அதிகம் தொட வேண்டாம். எஃப்.எஸ்.ஆர்.எஸ் 23.10 பதிப்பிலிருந்து உள்ளேயே இருக்கிறது. இயக்கிவிட்டு, எதிர்பார்க்கும் நினைவு விகிதத்தை 0.90-லேயே, அதாவது பத்தில் ஒன்பது நினைவிருக்கும் அளவிலேயே விடுங்கள். 0.97-க்கு ஏற்றினால் தினசரிச் சுமை தாங்காது. நாளுக்கு 20 புது அட்டை என்பது வழக்கமான அமைப்பு; சில வாரத்தில் அது நாளுக்கு 200 அட்டைவரை மறுபார்வையாகத் திரும்பும். வேலைக்குப் போகிறவர் 8 அல்லது 10-ல் தொடங்குவது நல்லது. உடலியல் படங்களுக்கு, பாகப் பெயரை மறைத்துக் கேட்கும் இமேஜ் அக்லூஷன் அருமையாக வேலை செய்கிறது. விடையைத் தட்டச்சு செய்யும் வகையில் தமிழ் ஒற்று விட்டுப்போனாலும் பிழையாகக் காட்டும். மதிப்பெண் பொத்தான் உங்கள் கையில் இருப்பதால் அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம். ஐபோனில் ஒருமுறைக் கட்டணம், ஏறக்குறைய 25 டாலர். பெயரை ஒட்டி வேறு செயலிகளும் கடைகளில் கிடக்கின்றன, ஆண்ட்ராய்டில் ஆங்கிட்ராய்டு என்பதையே தேடி எடுங்கள். கணினியில் எழுதிய அட்டைகளைப் போனுக்குக் கொண்டுபோகும்போது, முதல் ஒத்திசைவில் அப்லோடா டவுன்லோடா என்று கேட்கலாம். அட்டைகள் இருக்கும் கருவியில் அப்லோட், காலியான கருவியில் டவுன்லோட். மாற்றி அழுத்தினால் காலிப் பக்கம் மற்றதன்மேல் ஏறிவிடும். அதற்கு முன் ஃபைல் மெனுவில் எக்ஸ்போர்ட் கொடுத்து ஒரு பிரதி எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.