கார்பன் பேரல் வாங்குகிறவர்கள் உள்ளே இருக்கும் ஸ்டீலை விசாரித்துவிட்டுப் பணம் கொடுங்கள்

வேட்டை ரைஃபிளுக்குக் கார்பன் ஃபைபர் பேரல் (துப்பாக்கிக் குழல்) என்று சொல்லி எனக்கு விற்கப்பட்டது, கார்பன் குழாயை உறையாக மாட்டிய பழைய ஸ்டீல் பேரல். விற்றவர் பேரல் மாற்றிக் கொடுப்பதையே தொழிலாகச் செய்பவர். பெயர் வேண்டாம், ஏமாற்றிய விதம் தெரிந்தால் போதும்.

முழுக்கக் கார்பனில் பேரல் என்று ஒன்று கிடையாது. குண்டு ஓடும் உட்குழல், தோட்டா உட்காரும் சேம்பர் எல்லாம் ஸ்டீல்தான், பெரும்பாலும் 416 ஆர் ரக ஸ்டெயின்லெஸ். அதன் வெளிப்புறத்தைக் கடைந்து மெலிதாக்கி, மேலே கார்பன் நாரை ரெசின் என்ற பிசினோடு இறுக்கிச் சுற்றிக் கெட்டியாக்குகிறார்கள். ஸ்டீலின் அடர்த்தி கன செ.மீ.க்கு 7.8 கிராம், கார்பன் கலவையின் அடர்த்தி 1.6 அளவில்தான். அதனால் தடித்த பேரலின் விறைப்பு குறைந்த எடையில் கிடைக்கிறது. துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு நாள் முழுக்க மலை ஏறுகிறவருக்கு, அதுவும் முனையில் சத்தம் குறைக்கும் சப்ரஸர் மாட்டுகிறவருக்கு, இது உண்மையான லாபம். ஒழுங்காகச் செய்த கார்பன் பேரலை நான் குறை சொல்ல மாட்டேன்.

எனக்கு வந்தது அப்படிப்பட்டதில்லை. ஆறிய பேரலில் முதல் இரண்டு மூன்று குண்டுகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு விழும். அடுத்தது கொஞ்சம் மேலே, அதற்கடுத்தது இன்னும் மேலே வலப்பக்கமாக. ஆறவிட்டுச் சுட்டால் மறுபடி பழைய இடத்துக்கே வரும். குறிபார்க்கும் ஸ்கோப்பை மாற்றிப் பார்த்தேன், துப்பாக்கியைக் கட்டையோடு பிணைக்கும் ஆக்‌ஷன் ஸ்க்ரூக்களைச் சரியான இறுக்கத்தில் முறுக்கினேன், வேறு தோட்டாவும் போட்டேன். ஒன்றும் மாறவில்லை. விற்றவரிடம் சொன்னதற்கு, வேட்டைக்கு ஒரு குண்டு போதுமே என்றார். முதல் குண்டில் அடிபட்ட விலங்கு விழாமல் ஓடினால், சூடான அதே பேரலில் உடனே இன்னொரு குண்டு போட்டுத்தான் அதன் வேதனையை முடிக்க முடியும். வேட்டைக்காரரிடம் ஒரு வியாபாரி சொல்லக்கூடிய பதிலா இது?

அப்புறம்தான் வேறொரு கன்ஸ்மித்திடம் (துப்பாக்கி வேலை செய்பவர்) கொண்டுபோனேன். அவர் முதலில் பார்த்தது முனையைத்தான். ஸ்டீலுக்கும் கார்பனுக்கும் நடுவே நகம் நுழையும் அளவுக்கு ஓர் இடைவெளி, ஒரு பக்கம் மட்டும். பேரலை நீளவாட்டில் தட்டிக்கொண்டே வந்தார், முனைகளில் கெட்டியாகக் கேட்ட சத்தம் நடுவில் பொள்ளென்று கேட்டது. உறையை அறுத்தபோது இரண்டு முனைகளிலும் பசை, நடுவில் வெறும் காற்று, உள்ளே கடைசல் கோடுகள் அப்படியே தெரியும் மெல்லிய ஸ்டீல். குழலுக்குள் பார்க்கும் கருவியான போர்ஸ்கோப்பை விட்டால், சேம்பருக்கு முன்னால், குண்டைச் சுழலவைக்கும் வரிகள் தொடங்கும் இடத்தில், வறண்ட குளத்து மண் போல வெடிப்பு. ஏகப்பட்ட குண்டுகள் சுட்டுத் தேய்ந்த பேரல், புதிது என்று விற்கப்பட்டிருக்கிறது.

குண்டுகள் ஏன் மேலே மேலே போய் விழுந்தன என்பதும் அப்போதுதான் புரிந்தது. 60 செ.மீ. ஸ்டீல் பேரல் 50 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் 0.3 மி.மீ. அளவுக்கு நீளும். கார்பன் நார் நீளவாக்கில் கிட்டத்தட்ட நீளவே நீளாது. நல்ல தயாரிப்பாளர்கள் இந்த வேறுபாட்டைக் கணக்கில் வைத்துத்தான் நாரின் கோணத்தையும் ரெசினையும் தீர்மானிக்கிறார்கள். உறையை நட்டு வைத்து இறுக்கி, நடுவில் வேண்டுமென்றே இடைவெளி விடும் நேர்மையான வடிவமைப்புகளும் உண்டு, இடைவெளி இருந்தாலே மோசடி என்று நினைத்துவிடாதீர்கள். என்னுடையதில் முனையில் பசை ஒரு பக்கம் பிடித்து மறுபக்கம் விட்டிருந்தது. சூடான ஸ்டீல் நேராக நீள முடியாமல் வளைந்தது, அவ்வளவுதான்.

குறி தப்பியதைவிட எனக்கு அதிகக் கோபம் பாதுகாப்பு விஷயத்தில். 308 வின்செஸ்டர் போன்ற தோட்டாவுக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அழுத்தம் 62,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு அத்தனை பவுண்ட்). அதை முகத்துக்குப் பக்கத்தில் தாங்கி நிற்பது அந்த ஸ்டீல் மட்டும்தான். உறை மாட்டுவதற்காக அதை யாரோ இஷ்டத்துக்குக் கடைந்திருக்கிறார்கள், எவ்வளவு கடைந்தார்கள் என்று வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, நீங்கள் வேகமாகச் சுட்டுச் சூடாக்கிவிட்டீர்கள், வாரண்டி செல்லாது என்று சொல்லிவிட்டார். இதே ஆள்தான் விற்கும்போது, கார்பன் சூட்டை உடனே வெளியே தள்ளிவிடும், எத்தனை குண்டு வேண்டுமானாலும் சுடலாம் என்றவர்.

அந்தப் பேச்சை யார் சொன்னாலும் நம்பாதீர்கள். ரெசின் சூட்டைச் சரியாகக் கடத்தாது. தொட்டால் வெளியே இதமாக இருக்கும், உள்ளே ஸ்டீல் கொதித்துக்கொண்டிருக்கும். கார்பன் சுற்றியதால் உட்குழலின் ஆயுளும் கூடாது. மேலே தெரியும் பின்னல் அழகாக இருப்பதும் எதற்கும் சாட்சியில்லை, ஒட்டும் தாளில்கூட அந்தப் பின்னல் கிடைக்கிறது.

வாங்கும் முன் உள்ளே இருக்கும் ஸ்டீல் யார் தயாரித்தது, என்ன ரகம், நார் நேரடியாகச் சுற்றப்பட்டதா உறையா என்று எழுத்தில் வாங்குங்கள். பேரல் சூடான பிறகும் எத்தனை குண்டு எந்த அளவுக்குள் விழும் என்ற உத்தரவாதமும் அதே தாளில் இருக்கட்டும். எழுதித் தர மறுத்தால் வாங்காதீர்கள். துப்பாக்கியில் பொருத்துவதற்கு முன்பே போர்ஸ்கோப்பில் பார்க்கச் சொல்லுங்கள், தயாரிப்பாளர் சொல்லும் எடையோடு ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள். ஏற்கெனவே வாங்கியவர்கள் ஆறவிடாமல் ஐந்து குண்டு சுட்டுப் பாருங்கள். குண்டுகள் ஒரே திசையில் நகர்ந்துகொண்டே போனாலோ, முனையில் இடைவெளி தெரிந்தாலோ, விற்றவரிடம் போகாமல் வேறொரு கன்ஸ்மித்திடம் காட்டுங்கள். அவர் சரி என்று சொல்லும்வரை அதில் ஒரு தோட்டாகூடப் போட வேண்டாம்.