கப்பல் புதையல் வெள்ளிக்காசு வாங்கப் போகிறீர்களா? ஒரு நிமிடம்

மூன்று மாதமாக வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். நேற்று பார்த்த ஒரு விளம்பரம்தான் எழுத வைத்தது.

ஸ்பானியர் ஆண்ட மெக்சிகோவின் எட்டு ரியால் வெள்ளிக்காசு, 1789, ஸ்பெயின் அரசர் நான்காம் கார்லோஸ் பட்டமேற்றதன் நினைவு வெளியீடு, ‘எல் கசாதோர்’ கப்பல் புதையலில் கிடைத்தது. இணையத்தில் ஒருவர் இப்படிப் போட்டிருந்தார். கூடவே கப்பல் படத்துடன் சான்றிதழ். விலை 14,000 ரூபாய். மதராஸ் நாணயச்சாலை 1808 வாக்கில் இந்த ஸ்பானிய வெள்ளிகளின் மேலேயே அரை வராகன் அச்சடித்திருக்கிறது. அதனாலேயே எனக்கு இவற்றின் மீது பல வருட ஆசை. பணத்தை அனுப்பிவிட்டேன்.

வந்ததும் காந்தம் வைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை. அதோடு நிம்மதியாகிவிட்டேன் பாருங்கள், அங்கேதான் என் புத்தி! செம்பும் பித்தளையும்கூடத்தான் காந்தத்தில் ஒட்டாது.

வெகுநாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை சான்றிதழை நிதானமாகப் படித்தேன். மெக்சிகோவின் வெராக்ரூஸ் துறைமுகத்திலிருந்து நியூ ஆர்லியன்ஸுக்குக் கிளம்பிய கப்பல் 1784-ல் காணாமல் போனது என்று அதிலேயே இருக்கிறது. 1993-ல் ஒரு மீன்பிடிப் படகின் வலையில்தான் அந்தப் புதையல் சிக்கியது (படகின் பெயர் ‘மிஸ்டேக்’. எனக்கும் பொருந்துகிறது). சரி, 1784-ல் மூழ்கிய கப்பலுக்குள் 1789 காசு எப்படிப் போனது?

அப்புறம்தான் பத்தரிடம் ஓடினேன். 27 கிராம் இருக்க வேண்டியது 22.6 கிராம். விளிம்பில் வட்டமும் செவ்வகமும் மாறி மாறி வர வேண்டும். இதில் வெறும் கோடுகள், நடுவில், வார்த்த இரண்டு பாதிகளை ஒட்டிய தடம்.

‘நினைவு வெளியீடு’ என்பதும் கதைதான். 1789-ன் இந்த வகை எட்டு ரியாலில் பெயர் புது ராஜாவுடையது, முகம் செத்துப்போன பழைய ராஜாவுடையது. புது முகத்துக்கான அச்சு தயாராகவில்லை, அவ்வளவுதான். மற்றபடி அது சாதாரணப் புழக்கக் காசு. பட்டமேற்புக்கென்று மெக்சிகோவில் அடித்த வெள்ளிப் பதக்கங்கள் வேறு. அவற்றில் புது ராஜா மெக்சிகோவில் பிரகடனம் செய்யப்பட்டதாக ஸ்பானிய மொழியில் பொறித்திருக்கும்.

விற்றவரைக் கேட்டேன். “பழைய காசு தேயும் சார்” என்றார். ராஜாவின் மூக்கு நுனிகூட மழுங்காமல் நாலு கிராம் தேயுமா? கேட்டதும் என் எண்ணை பிளாக் செய்துவிட்டார். விற்பனைத் தளத்தில் புகார் கொடுத்தால், 30 நாள் கடந்துவிட்டதாம்.

நேற்று அதே படம், அதே சான்றிதழ், வேறு பெயரில் விற்பனைக்கு வந்திருக்கிறது. சான்றிதழ் எண் என்னிடம் இருப்பதேதான். விலை மட்டும் 16,500.