உயர்ந்த ஆண்குரலில் பாடும் இளம் டெனருக்கு எது நல்லது: அரங்கச் சம்பளமா, விருந்தினர் மேடையா?

ஜெர்மனியில் ஓபரா எனும் இசை நாடக அரங்கொன்றின் குழுவில் சேர்ந்தால் மாதச் சம்பளம் உறுதி. இன்று கடிதம் கொண்டுவரும் பணியாள் வேடம், நாளை காதல் நாயகன். காலையில் ஒத்திகை, இரவில் மேடை. தொண்டைக்குத்தான் ஓய்வு குறைவு. புகழ்பெற்ற ஜெர்மன் டெனர் யோனாஸ் காஃப்மன் 1994-இல் சார்ப்ரூக்கன் நகர அரங்கில் இப்படித்தான் தொடங்கினார். குரல் தளர்ந்துபோய், பாடும் முறையையே அந்நாட்களில் மாற்றிக் கற்றார். நியூயார்க்கின் பெரிய ஓபரா அரங்கான மெட்ரோபாலிட்டன் மேடை ஏறியது 2006-இல். இடையில் 12 ஆண்டுகள்!

எந்தக் குழுவிலும் சேராமல் விருந்தினராகப் பாடினால் வேடத்தைத் தேர்ந்தெடுக்கலாம்; ஊதியம் நிகழ்ச்சிக் கணக்கில். சளி பிடித்துப் பாடாமல் போனால் பெரும்பாலும் கையில் ஒன்றும் இல்லை. குரலை வருத்தும் கனமான வேடங்களும் சீக்கிரமே தேடி வரும். மறுக்கத் துணிவு வேண்டும். ஒலிவாங்கி இல்லாமல், முழு இசைக்குழுவையும் தாண்டிக் கடைசி வரிசைவரை குரல் எட்டவேண்டிய கலை இது. 25 வயதுக் குரலுக்கு நான் முதல் வழியையே சொல்வேன். அரங்கு சிறியதாக இருந்தால் இன்னும் நல்லது.